ஷம்பூவை எறிந்த மகள், மேசையில் இருக்கும் டப்பா

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். 17 வயது மகள், "பரபென், எஸ்.எல்.எஸ். எல்லாம் நஞ்சு" என்று வீட்டிலிருந்த ஷம்பூவையும் லோஷனையும் எறிந்துவிட்டாளாம். அதே பிள்ளை ஃபேன்சி கடையில் வாங்கிய சிறிய டப்பா கிறீமை இரவில் பூசுகிறாள். மூன்று கிழமையில் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம். எதைப் பாவிக்கலாம், எதை விடவேண்டும்?

பதில்: அம்மா, ஷம்பூ பாவம். முதலில் அந்த டப்பாவைக் கையில் எடுங்கள்.

தயாரித்தவரின் முகவரி, இறக்குமதியாளரின் பெயர், தொகுதி இலக்கம், என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல், இவை அதில் இருக்கின்றனவா? எங்கள் பாமசிக்கு ஒரு பெண் கொண்டுவந்த டப்பாவில் ஒன்றுமே இல்லை. உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுக் கடதாசியில் மட்டும், 'பூசும்போது தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியே போதும், பாதரசமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட. பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும்; நகை செய்பவரைக் கேட்டால் சொல்வார். பட்டியல் இருந்தால் அதில் 'கலோமெல்', 'மெர்குரிக்', 'மெர்குரியோ' என்ற சொற்களைத் தேடுங்கள்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, அதனால்தான் வெளுப்பு. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கைநடுக்கம், தூக்கமின்மை என்று வெளியே தெரியும். துவாயிலும் தலையணையுறையிலும் ஒட்டி வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கைப்படி, பாதரசம் சேர்த்த தோல் வெளுக்கும் கிறீம்களைத் தயாரிக்கவோ நாடுவிட்டு நாடு அனுப்பவோ கூடாது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடுதான். ஆனாலும் டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு சாத்தியம், சொல்லாமல் கலக்கும் ஸ்டீராய்டு. குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் போன்றவை தோல் நோய்க்கு வைத்தியர் அளவு பார்த்து எழுதிக் கொடுப்பவை. முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு கொத்தாகக் கிளம்பும். நிறுத்தினால் எரிந்து சிவக்கும். "பூசினால்தான் நல்லா இருக்கு" என்று பிள்ளைகள் திரும்ப டப்பாவை எடுப்பது இதனால்தான்.

ஆகவே இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். டப்பாவை எறிய வேண்டாம், குப்பையோடு எரிக்கவே வேண்டாம். பாதரசம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, மகளோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். விற்ற கடையைப் பற்றி நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்துச் சொல்லலாம். மகளைத் திட்ட வேண்டாம். கறுப்பு என்று அந்தப் பிள்ளையிடம் யார் யார் சொன்னார்களோ, அவர்களைத் திட்டுங்கள்.

சரி, ஷம்பூ. எஸ்.எல்.எஸ். என்பது நுரை வருவதற்குச் சேர்க்கும் சோடியம் லோரில் சல்பேட். தோல் வறண்டவர்களுக்கு, எக்ஸிமா உள்ளவர்களுக்கு உறுத்தும். மற்றவர்கள் கழுவிவிட்டால் போதும். (சவர்க்காரப் பெட்டியில் முத்திரையாக இருக்கும் எஸ்.எல்.எஸ். வேறு, அது இலங்கைத் தர முத்திரை. அதையும் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு.) பரபென் கிருமி வளராமல் காக்கும் பொருள். ஐரோப்பாவில் சில வகைகளைத் தடை செய்தார்கள். மெதில், எதில் வகைகளைத் தனியே என்றால் 0.4 சதவீதம் வரை இன்றும் அனுமதிக்கிறார்கள். நம் ஊர் வெக்கையில் காப்புப் பொருளே இல்லாத லோஷன் கெட்டுப்போவதுதான் எனக்குப் பெரிய பயம். தோல் சட்டென்று அலர்ஜியாகும் ஆளென்றால் வாசனை சேர்க்காததை வாங்குங்கள், அவ்வளவுதான்.

கல்யாணம் என்றீர்கள், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' கோனை வீட்டுக்குள் விடாதீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது தலைமுடிச் சாயத்துக்கான பாரா ஃபினைலின்டையமின். கையில் கொப்புளம் போட்டு, கோலம் போட்ட அதே வடிவில் தழும்பாகிவிடலாம். பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். இலையை அரைத்துப் பூசுங்கள். சில மணி நேரம் கையை அசைக்காமல் உட்கார வேண்டும், மறுநாள்தான் நன்றாகச் சிவக்கும்.