டி-டைமர் முதல் முருங்கைக்கீரை வரை: ரத்த உறைவு பற்றி வாசகர் கேள்விகள்

? வயது 64. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் டி-டைமர் 610 என்று வந்திருக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லை. நடைப்பயிற்சியைக் கூட்டினால் குறையுமா?

ரத்த உறைகட்டி கரையும்போது மிஞ்சும் துணுக்குதான் டி-டைமர். காய்ச்சல், ஆபரேஷன், கர்ப்பம் எதிலும் ஏறும். வயது கூடக் கூடத் தானாகவும் ஏறும். உறைகட்டி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. அப்போதுகூட 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 500 என்ற வரம்பைத் தளர்த்தி, வயதைப் பத்தால் பெருக்கிப் பார்ப்போம். உங்களுக்கு வரம்பு 640; 610 அதற்குள்தான். (எல்லா லேபும் ஒரே அலகில் தருவதில்லை, அதையும் பாருங்கள்.) தொந்தரவே இல்லாதவருக்கு இதை பேக்கேஜில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை, வீண் பயம்தான் மிச்சம். தாராளமாக நடங்கள், ஆனால் இந்த எண்ணைக் குறைப்பதற்காக வேண்டாம்.

? சிகரெட்டை விட்டுவிட்டேன். தொப்பை இருக்கிறது. ரத்தம் உறையும் தன்மை மாறுமா?

மாறும். புகைப்பவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுதலாக இருக்கும். விட்ட சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். வயிற்றுக் கொழுப்பு பி.ஏ.ஐ-1 என்ற புரதத்தைச் சுரக்கிறது. உறைகட்டி கரைவதற்கு அது முட்டுக்கட்டை. எடை குறைந்தால் அதுவும் குறையும். சிகரெட் போன இடத்தில் மிக்சரும் முறுக்கும் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

? இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையை அடியோடு நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. கீரையில் இருக்கும் வைட்டமின் கே உறைவுக்கு உதவும். மாத்திரை அதன் வேலையைத் தடுக்கும். திடீரென்று கீரையை நிறுத்தினால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். அப்புறம் ஆசைப்பட்டு ஒரு வாரம் முழுக்க முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கி வால்வில் உறைகட்டி சேரலாம். வாரம் இரண்டு நாள் ஒரு கப் என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். டாக்டர் அதற்கேற்ப டோஸை அமைப்பார். மறுபடி தொடங்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். கீரையைவிட எனக்குப் பயம், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான். அதை அசிட்ரோமோடு சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பூண்டு மாத்திரையும் வேண்டாம். குழம்பில் போடும் பூண்டு பரவாயில்லை.

? அடிக்கடி ராத்திரி பஸ்ஸில் சென்னை–நாகர்கோவில் போகிறேன். ஆபத்தா?

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் உறைகட்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஆரோக்கியமானவருக்கு அந்த வாய்ப்பே மிகச் சிறியது. பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள்; குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். திடீரென மூச்சு முட்டினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.