மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் கணவர் மேசன் வேலை செய்தவர். ஒரு களவு சம்பந்தமாக விசாரிக்க வேண்டும் என்று அவரையும் அவரோடு வேலை செய்த பொடியனையும் பொலிஸார் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் அவரை எனக்குக் காட்டவில்லை. மூன்றாம் நாள் நீதவானிடம் கொண்டுபோய் விளக்கமறியலில் போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். உடம்பெல்லாம் கண்டல் காயம். ஆஸ்பத்திரியில் வைத்து சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தேன். இப்போது நான்கு மாதமாகிறது. மரண விசாரணைக்குத் தவணை மேல் தவணை. பொறுப்பதிகாரி என் முகத்துக்கு நேரே "கள்ளனுக்கு ஏன் அழுகிறாய்" என்றார். பத்திரிகையில் அவரைப் போதைப்பொருள்காரன் என்று எழுதினார்கள். படம் எடுக்க வந்த அரசியல்வாதி அதற்குப் பிறகு போனைக்கூட எடுப்பதில்லை. நீதவான் சொன்னபடி புதைத்த பிரேதத்தைத் தோண்டி எடுத்து முறைப்படி தகனம் செய்ய வேண்டும் என்று மாமியார் சண்டை பிடிக்கிறார். பதினைந்து லட்சம் தருகிறோம், முறைப்பாடு இல்லை என்று எழுதிக் கொடு என்று ஒருவர் தூது வந்தார். மரண விசாரணை முடிந்த பிறகு வழக்குப் போடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு உயிரான வரி ஒன்றுதான். பன்னிரண்டாம் நாள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தேன் என்ற வரி. அது இல்லாவிட்டால், அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கான கதவு எப்போதோ மூடிவிட்டது என்றே நான் எழுத வேண்டியிருக்கும்.

பொறுப்பதிகாரி சொன்னது, பத்திரிகை எழுதியது, அரசியல்வாதி கைவிட்டது எல்லாம் உங்கள் மனதை எவ்வளவு அறுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மனுவில் இவற்றுக்கு இடம் கொடுத்தால், பார்க்க வேண்டிய விஷயத்தை நீதிமன்றம் பார்க்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மரண விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்த ஒரு மாதம் நின்று காத்திருக்காது. நீதவான் நீதிமன்றத் தவணையும் உயர் நீதிமன்ற மனுவும் வேறு வேறு பாதை. "மரண விசாரணை முடியட்டும்" என்ற ஆலோசனையால் உரிமையை இழந்த குடும்பங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொந்தக்காரர், கிராம அலுவலர், சில வேளைகளில் சட்டத்தரணிகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்களைக் காப்பாற்றக்கூடியது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. நீங்கள் முதல் 12 நாளைச் செலவழித்துவிட்டீர்கள். மிச்சம் ஏறத்தாழ 18 நாள். ஆணைக்குழு விசாரணையை மூடும் நாளில் அந்த 18 நாள் மறுபடி ஓடத் தொடங்கும். புதிதாக ஒரு மாதம் கிடைக்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். முறைப்பாட்டு ரசீதை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு 13ஆம் பிரிவைக் காட்டி வந்தவர்களை உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. முறைப்பாடு பதிவானால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது என்று மனுதாரர்தான் காட்ட வேண்டும் என்று தீர்ப்புகள் சொல்கின்றன. உங்களை விசாரணைக்கு அழைத்தார்களா? வாக்குமூலம் எடுத்தார்களா? பொலிஸாரிடம் அறிக்கை கேட்டார்களா? நான்கு மாதத்தில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் உங்கள் நிலை பலவீனம். ஆணைக்குழு அலுவலகத்துக்கு இந்த வாரமே நேரில் போங்கள். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்னென்ன திகதியில் என்ன செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் கோரிக்கைக் கடிதத்தின் பிரதியில் முத்திரை போட்டு வாங்குங்கள். அப்புறம், ஆணைக்குழுவின் முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் மனுவைப் போட்டுவிடுங்கள்.

இறந்தவருக்காக மனைவி மனுப் போட முடியுமா என்ற சந்தேகம் யாராவது கிளப்பினால், சிறியாணி சில்வா எதிர் இத்தமல்கொட வழக்கைச் சொல்லுங்கள். பயாகல பொலிஸாரின் பிடியில் சித்திரவதைக்குள்ளாகி 2000இல் இறந்த ஒருவரின் மனைவி போட்ட மனு அது. பாதிக்கப்பட்டவர் அல்லது அவருடைய சட்டத்தரணிதான் மனுப் போடலாம் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டத்துக்கு மாறாக ஒருவரின் உயிரைப் பறிப்பதும் அரசியலமைப்பின் 13(4) உறுப்புரையை மீறுவதுதான் என்று 2003இல் தீர்ப்பளித்தது. உங்களைப் போன்ற ஒரு பெண் திறந்துவைத்த வழி அது.

இனி சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து மனுவோடு கொடுக்கும் எழுத்து வாக்குமூலம். இந்த மனு, பெரும்பாலும் தாளில் உள்ளதை வைத்தே தீர்மானிக்கப்படும். சாட்சிக்கூண்டில் ஏறி அழுது விளக்கச் சந்தர்ப்பம் கிடைக்காது. ஆகவே கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் தானே கண்டதாக எழுதி, மரண விசாரணையில் வேறு மாதிரிச் சொல்லி, உண்மையான வழக்கையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சிங்களத்தில் கையெழுத்து வைத்த தாளையும் மறைக்காதீர்கள். அதில் "அவருக்கு முன்பே நோய் இருந்தது" என்று எழுதியிருக்கலாம், "முறைப்பாடு இல்லை" என்றும் இருக்கலாம். எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் எடுத்து வைக்கும். வாசித்துக் காட்டவில்லை, மொழி விளங்கவில்லை, எந்த நிலையில் கையெழுத்து வைத்தேன் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்த தவணையில் உங்கள் சட்டத்தரணி மூலம் நீதவானுக்கும் தெரிவித்து, தமிழில் மேலதிக வாக்குமூலம் பதிவு செய்யக் கேளுங்கள்.

நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை உடனே எடுங்கள். விளக்கமறியலுக்கு அனுப்பிய நாளில் அவர் ஏதாவது சொன்னதாகப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறைச்சாலைக்குள் எடுத்தபோது உடம்பில் காயம் இருந்ததாக அங்கே குறித்திருந்தால், அது சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கு அடுத்த பெரிய சான்று. காயம் சிறையில் வந்தது என்று பொலிஸார் கைகாட்டுவதை அது அடைத்துவிடும்.

பிரேதத்தைத் தொட வேண்டாம். நீதவான் புதைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் பிரேத பரிசோதனை போதாது என்று வந்தால், தோண்டி மறுபடி பரிசோதிக்க நாங்கள் கேட்கலாம். தகனம் செய்துவிட்டால் கேட்க ஒன்றும் இருக்காது. மாமியாரின் வேதனை நியாயமானது, அவர் பெற்ற தாய். ஆனாலும் வழக்கு முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

சமாதானமாகப் போங்கள் என்று நான் சொல்லப்போவது இந்த ஓர் இடத்தில்தான், அதுவும் மாமியாரோடு. நீங்கள் ஒரு மனு, அவர் ஒரு மனு, இரண்டிலும் வெவ்வேறு திகதி, வெவ்வேறு கதை என்று போனால் பொலிஸாருக்கு வேறு உதவியே தேவையில்லை. நட்டஈடு கிடைத்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு என்று இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூடுதலாக விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் விட்டுக்கொடுங்கள்.

தூது வந்தவரின் பதினைந்து லட்சத்தை வாங்காதீர்கள். பணம் வாங்குவது கேவலம் என்பதற்காகச் சொல்லவில்லை. வருமானம் நின்ற வீட்டில் அது பெரிய தொகை. அவர்கள் கேட்பது சமாதான நீதவான் முன் முடித்த ஒரு சத்தியக்கடதாசி. அது கையை விட்டுப் போன நிமிடம் உங்கள் மனுவுக்கும், சாட்சியாக உங்கள் நம்பகத்துக்கும் எதிரான ஆயுதமாகிவிடும். பணம் முழுக்க வந்து சேரும் என்ற உறுதியும் கிடையாது. நட்டஈடு பற்றிப் பேசுவதானால் உயர் நீதிமன்றத்தில், சட்டத்தரணிகள் மூலம், நீதிமன்றப் பதிவில் ஏறும் நிபந்தனைகளோடு பேசலாம். சித்திரவதைக்கான குற்றவியல் வழக்கு வேறு. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி குறைந்தது ஏழு ஆண்டு சிறை உள்ள குற்றம் அது. அதைத் தொடுப்பவர் சட்டமா அதிபர். அதை விற்கவோ மன்னிக்கவோ உங்களிடம் உரிமை இல்லை என்று தூதுவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பொடியன். கூடவே பிடிபட்டு விடுதலையான அவர்தான் இந்த வழக்கின் கண். மிருசுவிலில் 2000இல் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில், தப்பி வந்த ஒருவரின் சாட்சியம்தான் இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை வரை கொண்டு போனது. அந்தச் சிப்பாய்க்கு 2020இல் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சாட்சியம் இல்லாவிட்டால் தீர்ப்பே வந்திருக்காது. வத்தளைப் பொலிஸார் சித்திரவதை செய்த ஜெரால்ட் பெரேராவின் கதையையும் மறக்காதீர்கள். 2003இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கியது. அந்தப் பொலிஸாருக்கு எதிரான சித்திரவதை வழக்கில் மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இருந்த நேரத்தில், 2004 நவம்பரில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அந்தச் சித்திரவதை வழக்கில் பொலிஸார் விடுதலையானார்கள்.

அதனால் பொடியனின் வாக்குமூலத்தை இப்போதே சத்தியக்கடதாசியாக எடுத்து மனுவோடு இணையுங்கள். அவரை யாராவது மிரட்டினால், திகதி, நேரம், தொலைபேசி இலக்கத்தோடு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுத்தில் முறையிடுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், ஆனால் விசாரணையின் கட்டம் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழு தரும் கடிதம் கைக்கு வந்த அன்றே போங்கள்.