கூச்சிங்ல மூணு நாள் போதுமா?

அப்பா அம்மாவைக் கூட்டிட்டு ஸ்கூல் லீவுல மலேசியாவோட சரவாக் மாநிலத்துல இருக்கிற கூச்சிங் போறோம், மூணு நாள் போதுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போதும். சாங்கியிலேர்ந்து ஒன்றரை மணி நேர ஃப்ளைட்தான், வெயிலும் நம்ம சிங்கப்பூர் மாதிரியேதான், ஆனா அங்க யாருக்கும் அவசரமே கிடையாது, எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடியே பழகின நமக்கு முதல் நாள் கொஞ்சம் கடுப்பாகூட இருக்கும்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சரவாக் ஆத்தங்கரையில நடங்க. கூரை போட்ட சின்ன மரப்படகுல சில்லறையக் குடுத்தா அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவாங்க, 1879ல, சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார புரூக் ராஜா காலத்துல கட்டுன மார்கெரிட்டா கோட்டை அந்தப் பக்கம்தான். அம்மாவுக்குப் படகு பயம்னா டாருல் ஹானா பாலத்துல நடந்தே போயிடலாம். இந்தியா ஸ்ட்ரீட்ட மட்டும் விட்டுடாதீங்க, அங்கேர்ந்து ஆத்துப்பக்கம் போற ஒரு சந்துக்குள்ள தென்னிந்திய முஸ்லிம்களோட பழைய பள்ளிவாசல் இருக்கு, எதிர்ல ஆள் வந்தா ஒதுங்கித்தான் நிக்கணும், அவ்ளோ குறுகல், சந்தைத் தாண்டினா மசாலாக் கடைங்க, வாசனை மூக்கைத் துளைக்கும்.

ஒராங்குட்டான் பார்க்க செமெங்கோ வனவிலங்கு மையத்துக்குப் போங்க, காலைல சாப்பாடு வைக்கிற நேரத்துக்கு. காட்டுல பழ சீசன்னா அதுங்க எட்டிக்கூடப் பார்க்காது, பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. லக்சா, அதாவது தேங்காய்ப்பால் விட்ட கார நூடுல்ஸ் சூப், காலைலயே சாப்பிட்டுடுங்க. அப்புறம் சரவாக்குக்குத் தனி இமிக்ரேஷன், கோலாலம்பூர் வழியா போனாலும் அங்க மறுபடி பாஸ்போர்ட் காட்டணும்.