உரோமானியக் கட்டடங்களில் எருதுத் தலைகளுக்கு இடையே கல் மாலைகள் தொங்குவது ஏன்?

பழம், இலை, பூ ஆகியவற்றால் ஆன மாலைகளை எருதின் மண்டையோட்டோடு சேர்த்துச் செதுக்கியிருப்பதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டும் ஒரே சடங்கின் எச்சங்கள். கிரேக்க, உரோமானியத் திருவிழாக்களில் பலிபீடங்களையும் பலியிடப்படும் எருதுகளையும் உண்மையான மாலைகளால் அலங்கரித்தார்கள். பலி முடிந்தபின் விலங்கின் தலையைப் புனித இடத்திலேயே மாட்டி வைப்பதும் உண்டு. வாடிப்போகும் அந்த அலங்காரத்தையே சிற்பிகள் கல்லில் நிலைநிறுத்தினார்கள்.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, உரோமில் பேரரசர் அகுஸ்துவின் காலத்தில் கி.மு. 13இல் நேர்ந்துகொள்ளப்பட்டு கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்ட ‘ஆரா பாசிஸ்’ என்னும் அமைதிப் பலிபீடம். அதன் சுற்றுச்சுவரின் உட்புறத்தில், கீழ்ப்பகுதி மரப்பலகை வேலியைப் போலவும், மேற்பகுதி அதன்மேல் தொங்கவிட்ட மாலைகளைப் போலவும் செதுக்கப்பட்டுள்ளது. வெவ்வேறு பருவங்களில் விளையும் பழங்கள் அங்கே ஒரே மாலையில் கோக்கப்பட்டுள்ளன. இயற்கையில் ஒருசேரக் கிடைக்காதவற்றைக் கல்லில் இணைத்து, குன்றாத வளத்தை அந்தச் சிற்பி உணர்த்தியதாகவே நான் கொள்கிறேன். மாலை நடுவில் பருத்தும் முனைகளில் மெலிந்தும் வளைவதால், அதன் எடையையே கண் உணர்கிறது.

உரோமின் பழைய ஆப்பியா நெடுஞ்சாலையில் உள்ள, செசீலியா மெத்தெல்லா என்னும் உரோமானிய உயர்குடிப் பெண்ணின் கல்லறையிலும் இதே அணி உண்டு. அங்குள்ள எருதுத் தலைகளாலேயே அவ்விடத்துக்கு ‘எருதுத்தலை’ எனப் பொருள்படும் ‘காப்போ தி போவே’ என்ற பெயர் வந்தது.

மறுமலர்ச்சிக் காலத்துக்குப் பின் பலியின் நினைவு மங்க, மாலை மட்டும் அழகுக்காக நிலைத்தது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் வெளிச்சுவரில் சன்னல்களுக்குக் கீழே அதைக் காணலாம்.