மக்காச்சோளம் ஏறும் லிஃப்ட்

கேள்வி: அமெரிக்காவின் இல்லினாய்ஸ், அயோவா மாநிலங்கள் பக்கம் காரில் போனால் சின்னஞ்சிறு ஊரிலும் டெப்போ எனப்படும் பழைய ரயில் ஸ்டேஷனும், பக்கத்திலேயே ஜன்னல் இல்லாத உயரமான தகரக் கட்டடமும் நிற்கின்றன. அதை எலிவேட்டர் என்கிறார்கள். மாடியே இல்லாத கட்டடத்தில் எதற்கு எலிவேட்டர்?

பதில்: நல்ல ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். மத்திய இல்லினாய்ஸில் ஓர் எலிவேட்டர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் எடைச்சீட்டு எழுதியவன் நான். அறுவடை மாதங்களில் வீட்டுக்குப் போய்ச் சட்டையை உதறினால் வாசலெல்லாம் மஞ்சள் தூசு.

அந்த லிஃப்டில் ஏறுவது ஆள் இல்லை, மக்காச்சோளம். வண்டி உள்ளே வந்து, தரையிலுள்ள கம்பிச் சட்டம் வழியாகக் குழிக்குள் சோளத்தைக் கொட்டும். குழியிலிருந்து உச்சிவரை சுற்றும் ஒரு பெல்ட், அதில் வரிசையாகச் சின்ன வாளிகள். கிணற்றில் இறைப்பது மாதிரிதான், ஆனால் வாளிக்கு ஓய்வே கிடையாது. எங்கள் ஆட்கள் அதை ‘லெக்’ என்பார்கள். உச்சியில் கொட்டிய சோளம் குழாய் வழியாக வேண்டிய அறையில் விழும். ரயில் பெட்டி வந்ததும் இன்னொரு முறை மேலே ஏற்றி, வெளியே நீளும் குழாயில் சரித்துவிடுவோம். மூட்டை, சாக்கு, முதுகுச் சுமை எதுவும் இல்லை. 1842-ல் பஃபலோ நகரத்தில் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி, ராபர்ட் டன்பார் என்ற இன்ஜினியரை வைத்து, நீராவியில் ஓடும் முதல் எலிவேட்டரைக் கட்டினார். சின்ன ஊர்களில் நீங்கள் பார்ப்பதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

தகரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே முழுக்க மரம். பலகைகளைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். சோளம் கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். மெல்லிய சுவர் பிதுங்கிவிடும். நீராவி ரயிலிலிருந்து பறக்கும் தீப்பொறிக்குப் பயந்துதான் வெளியே தகரம். தூசு காற்றில் கலந்தால் வெடிக்கவே செய்யும். அதனால் இயந்திரத்தைத் தனிக் கொட்டகையில் வைத்தார்கள்.

கேள்வி: சில மைலுக்கு ஒன்று என்று ஏன் இத்தனை?

பதில்: எல்லாம் குதிரைக் கணக்கு. விவசாயி வண்டியில் சோளம் ஏற்றிவந்து, கொட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

கேள்வி: டெப்போவில் தண்டவாளப் பக்கம் மட்டும் ஜன்னல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதே?

பதில்: தந்திக் கருவி முன்னால் உட்கார்ந்த ஸ்டேஷன் ஏஜென்ட் எழுந்திருக்காமலே இரண்டு பக்கமும் ரயில் வருகிறதா என்று பார்க்கத்தான். நிற்காமல் போகும் ரயிலுக்கும் உத்தரவுச் சீட்டு கொடுத்தாக வேண்டும். அதை ஒரு வளையத்தில் மாட்டிப் பிளாட்பாரத்தில் நின்று நீட்டுவார். டிரைவர் கையை விட்டுப் பறித்துக்கொள்வார்.

கேள்வி: டெப்போக்களைப் புதுப்பிக்கிறார்கள், எலிவேட்டர்களை இடிக்கிறார்கள். இது சரியா?

பதில்: எனக்கு இதில் கோபம் உண்டு. டெப்போ அழகாக இருக்கிறது. பெயின்ட் அடித்தால் அருங்காட்சியகம், மேசை போட்டால் உணவகம். ஜன்னலில்லாத மரக்கோபுரத்தை என்ன செய்வது? ஆனால் ஊருக்குச் சோறு போட்டது அந்தக் கோபுரம்தான்.

சரி, தொழிலாக அது பிழைக்காது, ஒப்புக்கொள்கிறேன். பழைய பாக்ஸ்கார், அதாவது மூடிய சரக்குப் பெட்டி, சுமார் 2,000 புஷல் பிடிக்கும். அடிப்பக்கம் திறந்து கொட்டும் இன்றைய ஹாப்பர் பெட்டியில் சுமார் 3,500. சோளம் ஒரு புஷல் என்றால் 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 25,000 புஷல் கொள்ளும் மர எலிவேட்டரை வழித்துத் துடைத்துக் காலி செய்தாலும் ஏழு பெட்டி தேறும், அவ்வளவுதான். இன்றைய தானிய ரயிலோ 110 பெட்டி நீளம். 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் ரயில் கம்பெனிகளுக்கு நஷ்டப் பாதைகளைக் கைகழுவ வழியை எளிதாக்கியது. தண்டவாளம் போனபின் எலிவேட்டருக்கு என்ன வேலை?

அப்புறம், நேரில் பார்க்க ஆசையிருந்தால் இல்லினாய்ஸின் அட்லாண்டாவுக்குப் போங்கள். ஜார்ஜியாவில் இருக்கும் பெரிய நகரம் இல்லை, பழைய ரூட் 66 நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர். அங்கே ஹாஸ் எலிவேட்டரை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி இடத்துக்குப் போனால் தானிய அறையின் உள்சுவரில் கை வைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் சோளம் உரசி இறங்கிய பலகை, இழைப்புளி போட்டதுபோல வழவழவென்று இருக்கும்.