கருந்துளை மோதல்: 3 சூரிய நிறை எங்கே போனது?

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பதிவு செய்த, இரண்டு கருந்துளைகள் மோதி எழுந்த முதல் ஈர்ப்பலை (காலவெளியில் பரவும் அதிர்வு; பெயர் ஜிடபிள்யூ150914) குறித்து வந்த கேள்விகள்.

கே: 36, 29 சூரிய நிறையுள்ள கருந்துளைகள் சேர்ந்து 62 மட்டும் மிஞ்சியது. மீதி 3?

ஆற்றலாக மாறி ஈர்ப்பலைகளாகப் பரவிவிட்டது. சூரிய நிறை 2×10³⁰ கிலோ. அதன் மூன்று மடங்கை ஒளிவேகத்தின் இருமடியால் (9×10¹⁶) பெருக்குங்கள்: 5.4×10⁴⁷ ஜூல். சூரியன் இதே பிரகாசத்தில் ஆயிரம் கோடி ஆண்டு எரிந்தாலும் 1.2×10⁴⁴ ஜூல்தான் தரும். அப்படிப்பட்ட 4,500 சூரியன்களின் ஆயுட்கால ஆற்றல் இது! பெரும்பகுதி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெளியேறியது.

கே: கருந்துளையிலிருந்து எதுவும் தப்பாது என்பார்களே சார்?

நிகழ்வு எல்லைக்கு (ஒளிகூடத் திரும்பி வர முடியாத விளிம்பு) உள்ளிருந்து எதுவும் வரவில்லை. இரண்டும் சுற்றிச்சுற்றி நெருங்கும்போது வெளியே உள்ள காலவெளி அதிர்கிறது. சுற்றுப்பாதை ஆற்றல்தான் கரைகிறது.

எவ்வளவு கரையலாம் என்பதற்கு இயற்பியலாளர் ஹாக்கிங்கின் பரப்பு விதி வரம்பு போடுகிறது: எல்லைகளின் மொத்தப் பரப்பு குறையக் கூடாது. சுழலாத துளையின் பரப்பு நிறையின் இருமடிக்கு நேர்விகிதம். 36² + 29² = 2137; வர்க்கமூலம் 46.2. ஆக, மோதும் துளைகள் சுழலவில்லை என்று கொண்டால் மிஞ்சும் நிறை 46.2-க்குக் கீழே போக முடியாது. இழப்பு 29 சதவீதத்தைத் தாண்டாது. நடந்ததோ ஏறத்தாழ 5 சதவீதம். இந்த இடைவெளியைக் கவனிக்காமல் சிலர் 29 சதவீதத்தையே விடையாக எழுதிவிடுகிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே.

கே: எல்லா மோதலிலும் 5 சதவீதமா?

இல்லை. சம நிறை, சுழற்சியில்லாத இணைக்குத்தான் 5. இரண்டும் சுற்றுப்பாதையின் திசையிலேயே வேகமாகச் சுழன்றால் இன்னும் நெருங்கும்வரை மோதாமல் சுற்றும். இழப்பு 10 சதவீதத்துக்கு மேலும் போகும். நிறை வித்தியாசம் பெருகினால் குறையும்.

கே: இத்தனை ஆற்றல் வந்தும் நமக்கு ஏன் தெரியவில்லை?

130 கோடி ஒளியாண்டு தாண்டியும் உச்சத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.02 வாட் வந்தது. முழுநிலவின் ஒளியைவிட அதிகம்! ஆனால் காலவெளி அவ்வளவு விறைப்பானது. லைகோவின் 4 கிலோமீட்டர் கை (லேசர் ஒளி ஓடும் நீண்ட குழாய்) அசைந்தது 4×10⁻¹⁸ மீட்டர், புரோட்டான் விட்டத்தில் சுமார் நானூறில் ஒரு பங்கு.

கே: அதிர்வெண் ஏறும் வேகத்திலிருந்து சிர்ப் நிறையை (இரு துளைகளின் நிறைகளையும் சேர்த்துக் கணிக்கும் ஓர் அளவு) கணித்தேன். 28 வர வேண்டியது 30 வருகிறது.

கணக்கு சரிதான். பிரபஞ்ச விரிவால் அலை நீண்டு வருவதால் நிறை பெரிதாகத் தெரிகிறது. செம்பெயர்ச்சி (அலை நீண்ட அளவு) 0.09, எனவே 1.09-ஆல் வகுத்துவிடுங்கள். ஆற்றலைக் கணிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள், இல்லையேல் அதிலும் 9 சதவீதம் கூடும்.