ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரைட் கிளிக் மெனுவில் புது வசதி சேர்க்கலாம் என்று நண்பர் சொன்னதைக் கேட்டு விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில கீக்களை (பதிவுகளை) சேர்த்தேன். அதற்கு முன்பே முழு ரெஜிஸ்ட்ரியையும் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வைத்துவிட்டேன். இப்போது அந்த மெனு திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. பேக்கப் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், எல்லாத் தகவலும் எழுதப்படவில்லை, சில கீக்களை சிஸ்டம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று வருகிறது. கோளாறும் போகவில்லை. பேக்கப் எடுத்தது வீணா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வீணில்லை, ஆனால் அந்த ஃபைலை இனி டபுள் கிளிக் செய்யாதீர்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ரெஜிஸ்ட்ரியின் பல பகுதிகள் திறந்தேதான் இருக்கும், அவற்றின் மேல் எழுத முடியாது. அதனால் பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு கலவைதான் மிஞ்சும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை: நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த இந்த .ரெஜ் ஃபைல் தன்னிடம் இருப்பதைச் சேர்க்கும், மாற்றும், அவ்வளவுதான். பேக்கப் எடுத்த பிறகு நீங்கள் புதிதாகச் சேர்த்த கீயைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது, எனவே அதை அழிக்காது. உங்கள் மெனுவை இழுத்தடிப்பது அந்தப் புதுக் கீ என்றால், நூறு முறை இம்போர்ட் செய்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

சேர்த்தது எது என்று நினைவிருந்தால், ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டில் அந்த இடத்துக்குப் போய், அந்த ஒரு கீயை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அப்புறம் அழியுங்கள். நினைவில்லை என்றால், விண்டோஸை முந்தைய தேதியின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர்தான் வழி. ஸ்டார்ட் மெனுவில் 'ஆர்எஸ்டிஆர்யுஐ' (rstrui) என்ற ஆங்கில எழுத்துகளை டைப் செய்தால் அது திறக்கும், கோளாறுக்கு முந்தைய தேதி இருந்தால் தேர்ந்தெடுங்கள். போட்டோ, கடைக் கணக்கு ஃபைல்கள் எதையும் அது தொடாது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேர், டிரைவர் எல்லாம் போய்விடும், எவை போகும் என்று முன்கூட்டியே பட்டியல் காட்டும் பட்டன் அங்கேயே இருக்கிறது, அதை அழுத்திப் பார்க்காமல் தொடராதீர்கள்.

தேதி எதுவுமே இல்லையா? பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி ஆஃப் ஆகவே இருக்கும், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இன்றே சிஸ்டம் புரொடெக்‌ஷனைத் திறந்து, சி டிரைவைத் தேர்வு செய்து ஆன் செய்யுங்கள், கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். இனி ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன் அங்கே 'கிரியேட்' அழுத்தி ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (பிறகு திரும்பிப் போக வேண்டிய நிலையின் பதிவு), கூடவே தொடப்போகும் கீக்கு மட்டும் ஒரு எக்ஸ்போர்ட், இரண்டும் வேண்டும். ரீஸ்டோர் பாயின்ட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் செத்தால் அதுவும் சேர்ந்து போகும், ஆகவே முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் தனியாக வைத்திருங்கள்.

லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். விண்டோஸ் திறக்காமல் ரெகவரி திரைக்குள் போய் ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால், அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். உறவினர் ஒருவரின் லேப்டாப்பில் ரீஸ்டோர் பாயின்ட் இருந்தது, இந்த எண் இல்லை. அன்று இரவு முழுக்க நாங்கள் அதைத்தான் தேடினோம்.

கேள்வி: சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் 'ரெக்பேக்' இருக்கிறது. அதிலுள்ள ஃபைல்கள் எல்லாம் 0 கேபி. வைரஸா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லைங்க. முன்பெல்லாம் விண்டோஸ் அங்கே ரெஜிஸ்ட்ரியின் நகலைத் தானாகவே எடுத்து வைக்கும். 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1803 முதல் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது, டிஸ்க்கில் விண்டோஸ் பிடிக்கும் இடத்தைக் குறைப்பதற்காக. ஃபைல் பெயர்கள் மட்டும் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. விண்டோஸ் திறக்காதபோது ரெக்பேக்கிலிருந்து, நடப்பு ரெஜிஸ்ட்ரி ஃபைல்கள் இருக்கும் கான்ஃபிக்குக்கு ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள் என்று பழைய குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்தில் அது சரியான வழிதான். இன்று உங்கள் கம்ப்யூட்டரில் அப்படிச் செய்தால், ஓரளவு சரியாக இருக்கும் ரெஜிஸ்ட்ரி மேல் வெறும் ஃபைலை ஏற்றிவிடுவீர்கள், அப்புறம் விண்டோஸை மீட்பது மிகவும் கடினம். யார் சொன்னாலும் முதலில் ஃபைல்களைப் பட்டியலிடும் 'டிர்' (dir) கட்டளை கொடுத்து ஃபைல் அளவைப் பாருங்கள், 0 என்றால் தொடாதீர்கள், காப்பி செய்தே ஆக வேண்டும் என்றாலும் இப்போதுள்ள கான்ஃபிக் ஃபைல்களை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.